இரண்டாவது முரசு

குத்தாலிங்கம் மறுபடியும் தோற்றார். தொடர்ந்து இது ஏழாவது சனிக்கிழமை.

தோற்கடித்தது பெரும்படை இல்லை. ஒரே ஒரு குதிரைக்காரன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆசானிடம் போய் நின்றார்.

ஆசானுக்கு வயது இருபத்தாறு. பெயர் உலகம்மாள். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், எட்டு கம்ப்யூட்டர் போட்டு விளையாட்டுக் கடை நடத்துகிறாள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைத் தோற்கடித்தவர் யாரும் அந்த ஜில்லாவில் இல்லை.

குத்தாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர்.

"ஆசானே, தோத்துட்டேன்."

"பாத்தேன்."

"முரசு அடிச்சேன். எல்லாரும் கோட்டைக்குள்ள வந்துட்டாங்க. ஒருத்தன்கூடச் சாகல."

"சாகல. சரி."

"அப்பம் ஏன் தோத்தேன்?"

ஆசான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். முறுக்குத் துண்டு விழுந்தது.

"உங்க பழைய விசில் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாங்க."

"விளையாட்டப் பத்திக் கேட்டேன்."

"ஏழு மணி."

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய உலகம். திரையில் உமக்கு ஒரு கோட்டை. கொஞ்சம் குடிகள். அவர்களை உழ வைக்க வேண்டும், மரம் வெட்ட வைக்க வேண்டும், படை சேர்க்க வேண்டும். நீர் யோசித்து முடிக்கட்டும் என்று எதிரி காத்திருக்க மாட்டான். எதிரி தெரிந்தால் முரசை ஒரு தரம் அடித்தால் போதும். வயலில் நிற்கிறவன், காட்டில் நிற்கிறவன் எல்லாம் போட்டது போட்டபடி கோட்டைக்குள் ஓடி வந்துவிடுவான். கதவு சாத்திக்கொள்ளும்.

குத்தாலிங்கம் பாண்டிய நாடு. நெல் விளைத்து அனுப்புவது அவர் வேலை.

நெல்லை வாங்கிச் சண்டை போடுவது சேர நாடு. அது அவருடைய மகள். குழல்வாய்மொழி. வீட்டில் மொழி. மஸ்கட்டில் நர்ஸ்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஊர், வேறு சாமி. "அவன் பேர இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்றார் குத்தாலிங்கம். யாரும் எடுக்கவில்லை. மகள் போன் செய்தால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். அவர் மனைவி அடுக்களைக்குள் போய்க் குசுகுசுவென்று பேசுவாள்.

போன வருஷம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த ஆட்டத்தின் பெயர். 'சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. ஒரு ஆள் குறையுது.' அவ்வளவுதான்.

மறுநாளே மாடியேறி வந்து மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவார்கள். "அப்பா, நெல்லு." "அனுப்பிட்டேன்." "கிழக்க குதிர வருது." "பாத்துட்டேன்." சாப்பிட்டியா என்றுகூடக் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் வெள்ளிக்கிழமையே சவரம் செய்துகொள்வார்.

சில சமயம் அவளுக்குப் பின்னால் ஓர் ஆணின் இருமல் கேட்கும். கேட்டால் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்வார்.

இந்த வாரம் தோற்றதும் அவள் சொன்னது வேறு. "அப்பா, உங்க ஆளுவள உள்ள வச்சிப் பூட்டிக்கிட்டு இருக்கிய. நான் தனியா நின்னு சாகுதேன். அடுத்த வாரமும் இப்படின்னா நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அதற்குத்தான் ஆசானிடம் போனது.

ஞாயிறு காலை. குற்றாலம் போகிற டவுன் பஸ். சாரல் காலம் என்பதால் நல்ல கூட்டம்.

கண்டக்டர் சண்முகவேல், குத்தாலிங்கத்திடம் தொழில் படித்தவன். "அண்ணாச்சி, ஏறுங்க ஏறுங்க" என்று இடம் பிடித்துக் கொடுத்தான்.

"விசிலக் குடுங்க" என்றாள் ஆசான்.

கொடுத்தார்.

மேலகரம் தாண்டியது. ஆசான் விசிலை வாயில் வைத்து ஒரு தரம் ஊதினாள்.

பஸ் நின்றது.

"யாருப்பா எறங்கணும்?" என்றார் டிரைவர்.

யாரும் இறங்கவில்லை.

சண்முகவேல் குத்தாலிங்கத்தைப் பார்த்தான். குத்தாலிங்கம் ஆசானைப் பார்த்தார். ஆசான் விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்புறம் மூன்று வண்டி.

"ஏ, கோயில் நட தொறந்திருப்பாவ. பூவ எப்பம் கொண்டுக் குடுக்க?" என்றாள் கூடை வைத்திருந்த அம்மாள்.

"அருவியில தண்ணி நின்னதும் கொண்டுபோய் எறக்கி விடுவான் போலுக்கு" என்றான் தலையில் துண்டு கட்டியவன்.

குத்தாலிங்கத்துக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நின்ற பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் கிடையாது.

"ஆசானே, ரெண்டு அடிங்க."

"எதுக்கு?"

"வண்டி போகாண்டாமா?"

"ஏன் போகணும்? எல்லாரும் உள்ளதான இருக்காங்க. ஒருத்தர்கூடச் சாகல."

லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது.

குத்தாலிங்கம் எழுந்தார். கம்பியைப் பிடித்தார். வேட்டி விலகியது தெரியவில்லை.

"போலாம் ரைட்!"

பஸ் கிளம்பியது.

ஆசான் விசிலைத் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

அவர் குற்றாலம் வரை போய், குளிக்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்.

வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். தன்னைத்தான். முரசை மறுபடி ஒரு தரம் அடித்தால் கதவு திறக்கும், குடிகள் வேலைக்குத் திரும்புவார்கள். முதல் நாளே ஆசான் சொல்லிக் கொடுத்தது. முப்பது வருஷம் ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குப் போகும் என்று பிழைத்தவன் மறக்கிற காரியமா அது?

சனிக்கிழமை. ஐந்து மணி. விசிலைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, ரெடியா?"

"ரெடி."

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. ஒரு குதிரைக்காரன் வந்தான். முரசு ஒன்று. போனான். முரசு இரண்டு. குடிகள் வயலுக்குத் திரும்பினார்கள். நெல் வண்டி வரிசையாகச் சேர நாட்டுக்குப் போயிற்று.

"அப்பா, இன்னிக்கு நல்லா ஆடுதிய" என்றாள் மொழி.

அவருக்குக் காது சூடாகியது.

அப்போது வந்தது நாற்பது யானை.

முரசு அடித்தார். கதவு சாத்திக்கொண்டது. யானைகள் மதிலை முட்டின. மதில் விரிசல் விட்டது. அவருடைய உயிர் அந்த விரிசலில் இருந்தது. கதவைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். யானைகள் சலித்துத் திரும்பி மேற்கே மகளை நோக்கிப் போனதும் தெரிந்தது. மதில் நின்றதே என்று மூச்சு விட்டார்.

"அப்பா, நெல்லு!"

வயல் காலி.

"அப்பா! எனக்குக் குதிர விழுது!"

கை மவுஸின் மேல்தான் இருந்தது. வெளியே போனால் செத்துவிடுவார்கள் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். இன்னும் கொஞ்சம்.

"அப்பா..."

அவள் குரலுக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது. அவர் கை வழக்கம்போல ஹெட்போனைத் தள்ள எழும்பியது.

இருமியவன் தொண்டையைச் சரி செய்துகொண்டு கத்தினான்.

"போலாம் ரைட், மாமா! ரைட், ரைட்!"

முப்பது வருஷப் பழக்கம். கை யாரையும் கேட்கவில்லை. முரசில் விழுந்தது.

கதவு திறந்தது. குடிகள் மண்வெட்டியோடு ஓடினார்கள். களத்தில் கிடந்த நெல் வண்டியேறியது. முதல் வண்டி எல்லையைத் தாண்டும்போது சேர நாட்டில் ஒன்பது குதிரை மிச்சம்.

ஒன்பது போதும். அவள் யார் மகள்.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டார்கள்.

"வச்சிடட்டாப்பா?" என்றாள் மொழி.

"இரு" என்றார் குத்தாலிங்கம். "சாப்பிட்டியளா, ரெண்டு பேரும்?"

அப்புறம் அவர்கள் பேசியது நமக்கு வேண்டாம். கடைக்குச் சாதாரணமாக ஒரு மணி நேரக் கணக்கு. அன்று மூன்று மணி நேரம் ஆகியும் ஆசான் வந்து எழுப்பவில்லை.

அவர் எழுந்து வந்தபோது அவள் இன்னொரு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சியளா?"

"ம்."

"ரெண்டாவது முரசு ஞாபகம் இருந்துச்சா?"

"கடைசியில மறந்துட்டேன்."

"அப்பம் எப்படி ஜெயிச்சிய?"

"ஒருத்தரு ரைட் குடுத்தாரு."

"யாரு?"

"மாப்பிள்ள."

"மாப்பிள்ளைக்குப் பேரு இல்லையா அண்ணாச்சி?"

குத்தாலிங்கம் சட்டைப் பையைத் தடவினார். விசிலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மிக்கேல்" என்றார்.