விழுந்த சாமையில் இரண்டு படி

கொல்லிமலையில் செங்காயி என்றொரு உழவுக்காரி இருந்தாள். வயது நாற்பதுக்குள். அவளிடம் பாடம் கேட்க வந்த தணிகாசலத்துக்கோ அறுபது. கீழ்நாட்டில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மிச்ச நாளை மலையில் உழுதே கழிப்பது என்று பிடிவாதமாக ஏறி வந்துவிட்டார்.

ஊரார் அரை ஏக்கர் விட்டுக்கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. ஒரு பட்டம் தரிசாகக் கிடந்தாலும் நிலம் வேறு கைக்குப் போய்விடும்.

மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எது நல்ல சாமை என்று போகுமிடமெல்லாம் செங்காயியைத் துளைத்தெடுத்தார். அவள் விதைக்கிற நாளில் தன் கூடையை அவர் முன் வைத்தாள். நெட்டைச் சாமை, குட்டைச் சாமை என்று நாலைந்து ரகம் அதில் கலந்து கிடந்தது. அவர்கள் அப்படித்தான் விதைப்பார்கள்.

வாத்தியாருக்கு அது கலப்படமாகத் தெரிந்தது. மூன்று நாள் சலித்துச் சலித்துப் பருமணியை மட்டும் எடுத்துக்கொண்டு, பொடிமணியைக் கோழிக்கு இறைத்தார். தேறியதெல்லாம் நெட்டைச் சாமை.

பயிர் ஒரே உயரத்தில் எழுந்தது. வரப்பில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்தார். செங்காயியின் மேடுபள்ளப் பயிரைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்தது.

கதிர் முற்றுகிற சமயத்தில் இரண்டு நாள் பேய்க்காற்றும் மழையும். வாத்தியாரின் பயிர் மொத்தமும் படுத்து அழுகியது. விதைக்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. செங்காயியின் காட்டில் நெட்டை விழுந்தது, குட்டை நின்றது. நின்றதை அறுத்தவள், விழுந்ததிலும் கெடாத கதிர்களைத் தேடிக் கிள்ளிச் சேர்த்தாள்.

அடுத்த பட்டம் நெருங்கியது. நிலம் கைவிட்டுப் போகும் பயத்தில் வாத்தியார் வெட்கத்தை விட்டுக் கூடையோடு செங்காயியிடம் போய் நின்றார்.

"எது நல்லதுன்னு தெரிஞ்சுபோச்சும்மா. குட்டைச் சாமை மட்டும் குடுங்க."

அவள் குட்டையில் இரண்டு படி அளந்தாள். அதன்மேலேயே நெட்டையில் இரண்டு படி கொட்டினாள்.

வாத்தியார் கூடையைப் பின்னுக்கு இழுத்தார். "என்னைக் கவுத்ததே இதுதானே. இது எதுக்கு?"

"மூணு வருஷம் முந்தி வானம் காஞ்சப்ப குட்டை கருகிப்போச்சு. இதுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு."

"அப்ப நான் எதைத்தான் நம்புறது?"

செங்காயி படியைக் கீழே வைத்தாள்.

"வர்ற வருஷம் காத்தடிக்குமா, வானம் காயுமா? சொல்லுங்க வாத்தியாரே. அதுக்குத் தோதானதை மட்டும் அளந்து போடுறேன்."