சிலேட்டுக்குப் பின்னால் ஒரு சாண்

படம் கெட்டுப்போனது.

கைதி நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்த சிலேட்டில் எழுதிய 407 பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்கு ஒரு சாண் பின்னால் இருந்த முகம் மட்டும் மாவாய்க் கரைந்திருந்தது.

நாளை விடிந்தால் 407-க்குத் தூக்கு. அவன் அம்மா கேட்டது இந்த ஒரு படம்தான்.

ஜெயில் போட்டோக்காரர் வேதமுத்து, கேமரா ரிப்பேர் பார்க்கும் மரகதத்திடம் ஓடினார். அவளிடம் தொழில் கற்றவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"கேமரா கெட்டுப்போச்சு, வாத்தியாரம்மா. இன்னொண்ணு எடுக்க சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க."

அவள் பின்மூடியைக் கழற்றினாள். பிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்த்தாள் ஒட்டினாள். விளக்கைப் பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருப்பினாள். கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் இரண்டாய்த் தெரிந்த திரி, குறி சரியாக விழுந்ததும் ஒன்றானது. தாளிலும் ஊசி மாதிரி விழுந்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்கு. நீங்க எதைப் பார்த்து ஒண்ணாக்கினீங்க?"

"சிலேட்டைத்தான். இருபது வருசமா அதான் வழக்கம். நம்பர் மங்கினா ஜெயிலர் தோலை உரிச்சிருவாரு."

"அந்த இருட்டு ரூம்ல லென்ஸை முழுசாத் திறந்திருப்பீங்க. பிடிச்ச இடத்துக்கு நாலு விரக்கடை பின்னால இருக்கிறதும் மங்கிப்போகும். கண்ணைப் பிடிக்கிறதுக்கு என்ன?"

வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தூக்குக்குப் போறவன் கண்ணைப் பார்த்தா நம்மளையும் கூட்டிட்டுப் போயிருவானாம். வார்டர் சொன்னான்."

"அவன் உங்களைப் பார்த்தானா?"

"தெரியாது."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

ஜெயிலின் அந்த இருட்டு அறையில் 407 சிலேட்டைப் பிடித்தபடி நின்றான். வேதமுத்துவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. வளையம் பழக்கதோஷத்தில் சிலேட்டுக்கே போனது.

அவன் சிலேட்டைத் தரையில் வைத்தான்.

"எங்கம்மாவுக்கு நம்பர் வாசிக்கத் தெரியாதுண்ணே. இங்க பாருங்க."

வேதமுத்துவின் பார்வை சிலேட்டோடு தரைக்கு இறங்கியது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. பாருங்கண்ணே."

பார்த்தார்.

கண்ணாடிக்குள் ஒரு கண் இரண்டாய் நின்றது. திருப்பினார். ஒன்றானது.

பொத்தானை அழுத்திய பிறகும் கேமராவை இறக்கவில்லை.

"உன் பேரென்னப்பா?"

சொன்னான்.

மறுநாள் விடியலில் எல்லாம் முடிந்தது. படத்தை அந்த அம்மாவிடம் கொண்டுபோகும் வழியில், வேதமுத்து அதை மரகதத்திடம் நீட்டினார்.

அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இமைமயிரை எண்ணலாம் போலிருந்தது.

"இந்தத் தடவை உங்க பார்வையை யார் சரி பண்ணினது?"

407 என்று நாக்குநுனி வரை வந்தது. விழுங்கினார்.

"சொக்கையா."