எழுதாமல் போனவர்கள்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எழுதுகிறேன். ஒரு கொத்து ஆய்ந்தால் ஒரு வரி. பிள்ளை தூங்குகிறான், அதுவரைக்கும் பயமில்லை.

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்று ஒரு டீச்சர். கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் படிக்க வந்தவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயசு. ஆனாலும் அங்கே அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

ஒரு தண்ணீர் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்குக் காவலாக அவரைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்திருந்தது. ஒருநாள் காலையில் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தால், படம் எல்லாம் போய், கறுப்பில் சிவப்பாக எழுத்து. 'எங்கள் ஊர்க் கிணற்றைத் திருப்பிக் கொடு.'

அண்ணாச்சி அதை அழித்தார். பழைய பக்கத்தை ஏற்றினார். எழுதியது யார் என்றும் துப்பறிந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், ஆளைப் புடிச்சாச்சி. காலேஜ் பிள்ளை, அந்த ஊர்க்காரி. சாயங்காலம் பேரைச் சொன்னா எனக்கு வேலை நிரந்தரம்னு முதலாளி சொல்லுதாரு. அவ பேரு..."

"பேரு வேண்டாம் அண்ணாச்சி. என்ன எழுதியிருந்தா?"

"கிணறு, கிணறுன்னு ஏதோ. அதை எவன் முழுசாப் படிச்சான்? அழிச்சிட்டேம்லா."

"ஸ்டேஷன்ல புகாரையும் இப்படித்தான் படிப்பீங்களோ?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "சாட்சிக்கு நகல் எடுத்து வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

"சத்தமாப் படிங்க. கடைசி வரி வரைக்கும்."

படித்தார். கிணறு பற்றி, மோட்டார் பற்றி, குடம் தூக்கும் பெண்கள் பற்றி. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில்: 'உங்கள் சம்பளப் பக்கத்துக் கதவு பூட்டாமல் கிடக்கிறது. அதில் உங்களிடம் வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆட்களின் கைரேகையும் பேங்க் கணக்கும் இருக்கிறது. நான் தொடவில்லை. பூட்டுங்கள்.'

அண்ணாச்சி அங்கேயே கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார். திறந்தது.

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை. "அதுக்காவ? பூட்டாத வீட்டுக்குள்ள பூந்து சுவத்துல எழுதலாமா? குத்தம் குத்தந்தானே?"

"குத்தந்தான். நான் இல்லைங்கலியே."

"பொறவு?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"முந்தி ஒரு தடவை, அணுகுண்டு வேண்டாம்னு சின்னப் பிள்ளைங்க அணு ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து எழுதினாங்க. இன்னொரு இடத்துல, ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணுதாப்ல, ஊர்ப்பட்ட பேர் ஒரே நேரத்துல ஒரே பக்கத்தைத் திறந்து திறந்து அதை நகரவிடாம பண்ணினாங்க. சில பேரு ஜெயிலுக்கும் போனாங்க. அதுக்கப்புறந்தான் பெரிய ஆளுங்க எழுந்து அவங்கவங்க கதவைப் போய்ப் பார்த்தாங்க. இன்னைக்குக் கம்பெனிக்காரனே பலகை மாட்டுதான். எங்க வீட்டுல ஓட்டை கண்டா வந்து சொல்லு, சன்மானம் தாரோம்னு."

"எங்க முதலாளி மாட்டலியே."

"மாட்டலை. அதான் சுவத்துல எழுதிட்டா."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"அந்தக் கதவு வழியா வந்துபோன தடத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

"அவ வந்த அன்னைக்குத் தடத்தைப் பாத்தேன். அதை வச்சுத்தானே புடிச்சேன்."

"அதுக்கு முந்தி?"

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் பின்னால் பின்னால் போனார். விரல் நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. அந்தப் பிள்ளை வருவதற்குப் பல மாசம் முன்னாலிருந்தே, அதே கதவு வழியாக யாரோ வந்திருக்கிறார்கள். எதையும் உடைக்கவில்லை. ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் கைரேகை, பேங்க் கணக்கு என்று கை நிறைய அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"டீச்சர்..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாயங்காலம் முதலாளி கேப்பாரு. நான் யாரு பேரைச் சொல்ல?"

"எழுதிட்டுப் போனவ பேரு உங்க கையில இருக்கு அண்ணாச்சி. எழுதாம போனவன் பேரைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. அப்புறம் எதைச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி முதலில் அந்தக் கதவைப் பூட்டினார். அப்போதுதான் ஃபோன் அடித்தது. முதலாளி.

"ஐயா, உங்க வீட்டுல ரொம்ப நாளா திருடன் வந்துக்கிட்டு இருக்கான்" என்றார். "என்னது, அந்தப் பிள்ளை பேரா? ஐயா, அவதான் முதமுதல்ல நம்மகிட்ட வந்து சொன்

அத்தை கூப்பிடுகிறார்கள், பிள்ளை முழித்துவிட்டானாம், இதோ இந்தக் கீரையை மட்டும்