சர்க்கரை தின்ற பூஞ்சை

ஒரு ஊரில் ஒரு சர்க்கரை ஆலை. அதன் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே ஒரு தட்டில் கரும்புச் சக்கை கிடந்தது. சக்கையின் மேல் ஒரு பூஞ்சை குடியிருந்தது. கரும்புத் தோட்டத்து மண்ணிலிருந்து எடுத்து வந்த பூஞ்சை அது.

பூஞ்சைக்குப் பல் கிடையாது. சக்கையோ மரக்கட்டை மாதிரி. அதைக் கரைத்துத் தின்ன பூஞ்சை ஒரு நீரைக் கசியவிடும். அதுதான் அதற்குப் பல். அந்த நீரைத்தான் நொதி என்று பாட்டிலில் அடைத்து, ஜீன்ஸ் துணியை மிருதுவாக்கும் கம்பெனிகளுக்கு விற்றார் முதலாளி வரதப்பன்.

நீரை வடிகட்டுவது ஸ்டீல் தொட்டி. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுத்தார்கள். தொட்டிக்குத் தலைகால் புரியவில்லை. கழிவெல்லாம் ஓரமாகக் கிடக்கட்டும், கண்ணில் பட்டால் தனக்கு அசிங்கம் என்றது.

சக்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் தகரம். விடாம பிழிஞ்சு சாறெடுத்தது ஆலைக்காரங்க, கழிவுங்கிற பேரு மட்டும் எனக்கா? மிச்ச உடம்பையும் இந்தப் பூஞ்சைக்குத்தானே குடுத்துட்டிருக்கேன்?"

பூஞ்சை தின்றுகொண்டே தலையாட்டியது. நீ இல்லாவிட்டால் நானே இல்லை என்றுகூடச் சொன்னது.

ஒருநாள் சரக்கு வாங்க வந்த ஒருவர் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். அவ்வளவுதான். சக்கையை பாய்லரில் போட்டுவிட்டு, பூஞ்சைக்கு வெள்ளைச் சர்க்கரை வைக்கச் சொன்னார் வரதப்பன். நல்லதைத் தின்றால் நன்றாக உழைக்குமாம்.

தட்டு கழுவும் பூங்காவனம் மட்டும் தடுத்துப் பார்த்தார். ஒருமுறை சர்க்கரை கொட்டிய தட்டில் நீரே கசியாததை அவர் பார்த்திருந்தார். "வேணாம் சார். இதுக்கு மெல்லுறதுக்கு எதாச்சும் இருக்கணும்."

"எனக்குத் தெரியாதது தட்டு கழுவுற உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

சக்கையை அள்ளினார்கள். அது பூஞ்சையைப் பார்த்துக் கேட்டது: "நான் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

பூஞ்சை சர்க்கரை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சக்கை நெருப்புக்குப் போனது.

ஒரு வாரம் பூஞ்சை தின்றது, கொழுத்தது. தொட்டியில் வடிந்ததோ வெறும் தண்ணீர். சோம்பேறிக் கழுதை என்று வரதப்பன் கத்தினார். என்னடா ஆச்சு என்று தொட்டியும் கேட்டது.

"வாயில போட்டா கரையுது. அப்புறம் பல் எதுக்கு?" என்றது பூஞ்சை.

வேறு வழியில்லாமல் மறுபடி சக்கை கொண்டுவரச் சொன்னார் வரதப்பன். பூங்காவனத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

புதுச் சக்கை தட்டில் விழுந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "எங்க ஆளுங்க முன்னாடியே இங்க வந்தாங்களே. எங்க அவங்க?"

பூஞ்சை அதன் மேல் படர்ந்தது. அதற்குப் பல் முளைக்க ஆரம்பித்திருந்தது.