செங்காலியின் மறு கால்

அந்தக் காலத்தில், பறவைகளும் நண்டுகளும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நண்டு நேராகத்தான் நடந்தது.

ராமேசுவரத்துக்குத் தெற்கே ஒரு மணல் தீவு. ஐப்பசியில் வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் வந்து இறங்கும். பங்குனியில் தென்காற்று எழுந்ததும் போய்விடும். பிறகு தீவில் அலையும், முத்தாயி என்கிற நண்டும்தான். போனவர்கள்தான் திரும்பி வருகிறார்களா, வேறு யாரோவா என்று அவளுக்குத் தெரியாது. உள்ளான் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே முகம். அந்தக் கவலையிலேயே கோடைதோறும் இளைத்துப்போவாள்.

ஒரு பங்குனியில், பாசி நாரில் வளையம் முடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோழி கோத்து, ஆளை அடையாளம் காண வெவ்வேறு முடிச்சுப் போட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆளுக்கு எத்தனை கால் உண்டோ அத்தனை வளையம். பத்துக் கால்காரிக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

வரிசையில் முதலில் நின்றவள் செங்காலி. முத்தாயியின் வளை வாசலிலேயே மேய்கிறவள். ஒரு காலில் வளையம் ஏறியது.

“மறு காலையும் நீட்டுடி.”

ஒரு சோழிக்கே கால் இழுத்தது. இரண்டு ஏறினால் நடுக்கடலில் விழ வேண்டியதுதான். வேண்டாம் என்றால் முத்தாயி அழுவாள். செங்காலி மெல்ல ஒரு காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டாள்.

“எனக்கு ஒரு கால்தானே, மதினி?”

“நேத்து ரெண்டு பார்த்தேனே!”

“தண்ணியில நிழலைப் பார்த்திருப்பீங்க.”

முத்தாயிக்குக் கண் கலங்கியது. “பத்துக் கால் இருந்தும் நான் இந்த மணலைத் தாண்டினதில்லை. ஒத்தைக் காலோட எப்படிடி கடல் தாண்டுவே?”

“காலாலயா பறக்குறேன்?”

பின்னால் வரிசை முழுக்க ஒற்றைக் காலில் நின்றது.

“அட கடவுளே, எல்லாருமா நொண்டி?” என்று விம்மிக்கொண்டே ஆளுக்கொரு வளையம் கட்டி அனுப்பினாள்.

அந்தக் கோடையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசியில் எல்லாரும் வந்தார்கள், செங்காலியைக் காணோம். நான்காம் நாள் தனியாக ஒருத்தி இறங்கினாள். காலில் முத்தாயி போட்ட முடிச்சு. பக்கத்தில், மணலில் ஊன்றி, மறு கால்.

“எத்தனை காலோடடி வந்தே?”

செங்காலி சட்டென்று ஒன்றை உள்ளே இழுத்தாள். “ஒண்ணுதான், மதினி.”

முத்தாயி வலப்பக்கம் நகர்ந்தாள். செங்காலி திரும்பிக்கொண்டாள். முத்தாயி இடப்பக்கம் ஓடினாள். செங்காலி மறுபடியும் திரும்பிக்கொண்டாள். முத்தாயி அவள் காலின் வளையத்தைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டு, கண்ணைக் குச்சிபோல் உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

“ஏழு மாசம் அழுதேனேடி, பாவி!” என்று திட்டினாள். திட்டும்போதும், கொடுக்கில் பிடித்த வளையத்தை மட்டும் விடவில்லை.

அன்று முதல்தான் கரையில் உள்ளான் ஒற்றைக் காலில் நிற்கிறது. நண்டு கண்ணைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டிலேயே ஓடி, அந்த மறு காலைத் தேடுகிறது.