குமுதவல்லி வாய் தவறியதும் தேரை பிறந்ததும்

விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகத்தில் தேரை என்ற ஒன்றே கிடையாது. தவளை மட்டும்தான். அதிலும் பனங்குளத்துத் தவளைகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே பச்சை, ஒரே வழவழப்பு, ஒரே முழி. அடுத்தவள் புருஷனைத் தன் புருஷன் என்று நினைத்து அரை நாள் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு அசடு வழிவது அங்கே சாதாரணம்.

எல்லாவற்றுக்கும் காரணம் பிறப்புப் பாடம். முட்டையிட்டதும் தாய் ஒரு பக்கமும் தகப்பன் மறுபக்கமும் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையிடமும் அது எப்படி உருவாக வேண்டும் என்று சொல்ல வேண்டும். "கண் இரண்டு, கால் நான்கு, மெல்லிய தோல், நீண்ட தொடை..." என்று போகும் அது. முட்டை கேட்டபடி வளரும். நாளைக்குத் தன் முட்டைகளுக்கும் கேட்டதைத்தான் சொல்லும். வேறு சொல்ல அதற்குத் தெரியாது.

அந்தக் குளத்துக்கு மருமகளாக வந்தவள் குமுதவல்லி. வாயாடி. இந்தக் கரையில் அவள் இருமினால் அந்தக் கரையில் கொக்கு பறக்கும். அவள் புருஷன் சேந்தனோ பேசினால் அவனுக்கே கேட்காது. மாமியார் நீராழியம்மாள்தான் குளத்துக்குத் தலைவி. நம் குளத்தில் ஒரு பிள்ளைகூட மாறிப் பிறந்ததில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

முதல் மழையில் குமுதவல்லி முட்டையிட்டாள். ஒன்றா இரண்டா, ஆயிரக்கணக்கில். சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. பின்னால் அல்லியிலைமேல் உட்கார்ந்து மாமியார் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதற்றத்திலேயே ஒரு முட்டைக்குக் கால் ஐந்து என்று சொல்லிவிட்டாள் குமுதவல்லி. இன்னொன்றுக்குக் கண் இரண்டும் ஒரே பக்கம் என்று போய்விட்டது.

"ஏண்டி, குரலில் இருக்கிற வலு வேலையில் இல்லையே!" என்றாள் மாமியார்.

"வலுவா? எனக்கா வலு இல்லை?" என்று முணுமுணுத்தபடியே அடுத்த முட்டைக்குத் திரும்பினாள் குமுதவல்லி. நாக்கில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. "கண் இரண்டு, கால் நான்கு, வல்லிய தோல்..." என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

மறுபக்கத்தில் சேந்தன் "மெல்லிய தோல்" என்றுதான் சொன்னான். அவன் குரல் எங்கே எடுபடப் போகிறது?

ஐந்து கால் பிள்ளை நீந்தத் தொடங்கி, ஒரே இடத்தில் வட்டமடித்து, அன்றைக்கே விரால் மீன் வாயில் போயிற்று. ஒருபக்கக் கண்ணன் கொக்கு நின்ற பக்கத்தைப் பார்க்கவேயில்லை. குமுதவல்லி அழுதாள். மிஞ்சிய பிள்ளைகளுக்கு நடுவே ஒருவன் முதுகெல்லாம் முண்டும் முடிச்சுமாக, காய்ந்த சேற்றுக் கட்டிபோல வளர்ந்தான்.

"இதென்ன பிள்ளையா, பாகற்காயா?" என்றாள் நீராழியம்மாள். "குளத்து மானம் போயிற்று. இதையும் விராலுக்குப் போட்டுவிடு."

குமுதவல்லி பிள்ளையைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். "போட வேண்டுமென்றால் என்னையும் சேர்த்துப் போடுங்கள் அத்தை. இவன் பெயர் கரடன். இங்கேதான் இருப்பான்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தினமும் பாசியைக் குழைத்து அவன் முதுகில் தேய்த்துப் பார்த்தாள். வழவழப்பு வரவில்லை, பாசிதான் தீர்ந்தது. நீச்சலிலும் அவன் கடைசி. கரையில் சுள்ளென்ற வெயிலில் உட்கார்ந்து எறும்பு பிடித்துத் தின்பான். "உள்ளே வாடா, காய்ந்து போவாய்!" என்று அவள் கத்துவாள். "காயவில்லையேம்மா, நன்றாகத்தான் இருக்கிறது" என்பான் அவன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷமும் வரவில்லை. குளம் குட்டையாகி, குட்டை சேறாகி, சேறும் வெடித்தது. கரையேறிய தவளைகள் பத்துத் தாவல் தாவுவதற்குள் தோல் காய்ந்து சுருண்டு விழுந்தன. குமுதவல்லியின் மெல்லிய தோல் பிள்ளைகளில் பாதி அப்படித்தான் போயின. மிஞ்சியவர்கள் ஒரு தாமரைக் கிழங்கைச் சுற்றி ஒட்டிக்கிடந்தார்கள்.

கரடன் மட்டும் வெயிலில் புறப்பட்டுப் போனான். திரும்பி வந்து, "மேட்டுக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் ஊற்று இருக்கிறது. ஈரத் தழையில் சுற்றி ஒவ்வொருவராக முதுகில் தூக்கிக்கொண்டு போகிறேன்" என்றான்.

முதலில் அம்மாவை ஊற்றில் விட்டுவிட்டு வந்தான். பிறகு அப்பா, உடன்பிறந்தவர்கள், அக்கம்பக்கத்தார். கடைசியில் நீராழியம்மாள். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. "குத்துகிறதடா! இது முதுகா முள்வேலியா?"

ஊற்றில் இறங்கி நனைந்து உயிர் வந்ததும் மருமகளைப் பார்த்தாள். "உண்மையைச் சொல். இந்தப் பஞ்சம் வரும் என்று தெரிந்துதானே அப்படிச் சொன்னாய்?"

"எனக்கென்ன தெரியும் அத்தை? வாய் தவறியது. ஐந்து கால் பிள்ளைக்கும் இதே வாய்தான் தவறியது. அவனை விரால் தின்றது. இவன் பிழைத்துக்கொண்டான்." அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. மாமியார் கொஞ்சம் நகர்ந்து, மருமகளுக்கும் தண்ணீரில் இடம் விட்டாள்.

மழை திரும்பியது. குளம் நிறைந்தது. 'பாகற்காய்' என்று சிரித்த பெண்களே இப்போது கரடன் இருக்கும் கரைப் பக்கம் அடிக்கடி நீந்தினார்கள். நெய்தல் என்பவளை அவன் கட்டிக்கொண்டான். முட்டையிட்டதும் இருவரும் பாடம் சொல்ல உட்கார்ந்தார்கள். நெய்தல் எல்லா முட்டைக்கும் "மெல்லிய தோல்" என்றாள். கரடன் முதல் முட்டைக்கு "வல்லிய தோல்" என்று முழங்கினான். அடுத்த முட்டைக்கு, யாரும் எதிர்பாராமல், "மெல்லிய தோல்" என்று மெதுவாகச் சொன்னான்.

சேந்தன் துள்ளி எழுந்தான். "கேட்டாயா? அது நான் சொன்னது! முட்டைக்குள் அவனுக்குக் கேட்டிருக்கிறது!" அன்றைக்கு முழுவதும் அவன் கால் தரையில் பாவவில்லை.

பேரப்பிள்ளைகளில் பாதி வழவழப்பு, பாதி கரடுமுரடு. வழவழப்பானவை தண்ணீரில் கிடந்தன. கரடுமுரடானவை தோட்டம், வேலி, கல்லிடுக்கு என்று கிளம்பின. தலைமுறை தலைமுறையாக யார் யாருக்கோ எங்கெங்கோ வாய் தவறிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் குட்டைத் தொடையோடு பிறந்ததை மீன் தின்றது; தரையில் அதே தொடை எறும்பு பிடிக்கப் போதுமானதாக இருந்தது. பெண்ணை அழைக்கும் பாட்டும் குளத்தில் ஒன்று, வேலியோரத்தில் ஒன்று என்று மாறிப்போயிற்று.

குமுதவல்லி தளர்ந்த காலத்தில் ஒருநாள், மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரடுமுரடு வாலிபன் பெண் தேடிப் பனங்குளத்துக்கு வந்தான். கரையில் நின்று நெஞ்சு நிறையப் பாடினான். குளத்துப் பெண்கள் கவலையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம், வயிற்றுவலி போலிருக்கிறது."

வாலிபன் முகம் தொங்கிப் போயிற்று. "அவன் என் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரன்டி, கல்யாணத்துக்குப் பாடுகிறான்!" என்று குமுதவல்லி கத்தினாள். ஒருத்தியும் நம்பவில்லை. அவன் தத்தித் தத்தித் திரும்பிப் போனான். வேலியோரத்தில் அவன் பாட்டு புரிந்த ஒருத்தி காத்திருந்தாள்.

அன்று பிரிந்த பங்காளிகள்தான் இன்றைக்கும், ஒரே மழைக்குத் தவளை குளத்திலும் தேரை வேலியோரத்திலுமாகத் தனித்தனிப் பாட்டுப் பாடிப் பெண் தேடுகிறார்கள்.