எறும்புக் கடி

மூன்றாம் முறையாகச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும், சீனியம்மாளைத் தொகுதியில் யாரும் எம்.எல்.ஏ. என்று கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, காயத்துக்குக் கட்டுகிற துணியும் பஞ்சும் தயாரிக்கும் பட்டறை ஒன்றை நடத்தினார். அரசியல் அதற்கும் பிறகுதான். முதல்முறை அவையில் அவர் பேச எழுந்தபோது, "ஊசி போட வந்திருக்காங்க, எல்லாரும் சட்டைக் கையைத் தூக்குங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னாராம். "உங்களுக்குச் சட்டைக் கையைத் தூக்கினாப் பத்தாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, இவர் தன் பேச்சைத் தொடர்ந்தாராம்.

பக்கத்துத் தொகுதி திரவியம் அவரைவிட வயதில் மூத்தவர். அரிசி ஆலை முதலாளி, முதல்முறை ஜெயித்தவர். ஜெயித்த கையோடு சிஸ்டரைத் தேடி வந்து, தனக்கு எதுவும் தெரியாது, கூட வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மூத்தவருக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க என்று அவர் சிரித்தார். ஆனால் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் திரவியம் முகம் வாடி வந்தார்.

மலையடிவாரத்தில் ஆலங்கிணறு என்று ஓர் ஊர். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரவேண்டும். அங்கே ஆஸ்பத்திரி கொண்டுவருகிறேன் என்று தேர்தலில் சொல்லியிருந்தார். ஊர் மொத்தமும் அவருக்கே ஓட்டுப் போட்டது. இப்போது ஆஸ்பத்திரி வேறு ஊருக்கு என்று முடிவாகிவிட்டது. இது அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. மறுநாள் அங்கே கோயில் கொடைத் திருவிழா. தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்ய அவரைத்தான் அழைத்திருந்தார்கள்.

"வலிக்காம எப்படிச் சொல்றது, சிஸ்டர்?"

திரவியத்திடமே ஒரு வழி இருந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்தக் கொடை நல்லபடியாக முடிந்துவிடும். அடுத்த கொடைக்குள் ஏதாவது நடக்காமலா போகும்?

பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சீனியம்மாள் எழுந்தார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். ஊசி போட்ட பெண் வேலைக்குப் புதியவள். முதலில் நின்ற பையனிடம், "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்" என்றாள். குத்தியதும் அவன் போட்ட சத்தத்தில் பாதி வரிசை காணாமல் போனது. ஒருத்தன் புளியமரத்தில் ஏறிவிட்டான்.

சீனியம்மாள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓடாமல் நின்ற ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"வலிக்குமா?" என்றாள் அவள்.

"வலிக்கும்."

சிறுமி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். குத்தும்போது அழுதாள்; கையை மட்டும் இழுக்கவில்லை. புதியவள் ஊசியை எடுத்ததும் சீனியம்மாள் அந்த இடத்தில் பஞ்சை வைத்தார். மரத்திலிருந்தவன் தானாக இறங்கிவந்தான். தனக்கும் வலிக்குமா என்று தூரத்தில் நின்றே கேட்டான். உனக்கும் வலிக்கும் என்றார்.

திரும்பும் வழியில் திரவியம், "புரிஞ்சிருச்சு சிஸ்டர்" என்றார்.

மறுநாள் ஆலங்கிணற்றில் பூசாரி பரிவட்டத்தை விரித்தபோது, திரவியம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரி இந்தத் தடவை வராது. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கல."

மேளம் நின்றது. யாரும் ஏசவில்லை. நிறைமாத மகளோடு நின்ற ஓர் அம்மாதான், "அப்போ இந்த மழைக்கும் கட்டில்தானாய்யா?" என்றாள்.

திரவியம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். போய்க் காரில் ஏறினார். மனசு பஞ்சாகிவிட்டது. இத்தனை நாள் தொண்டையில் கிடந்த முள் இறங்கிவிட்டது. காரை நேரே சிஸ்டர் வீட்டுக்கு விடச் சொன்னார்.

அவர் நடந்ததையெல்லாம் சொல்ல, சீனியம்மாள் கேட்டுக்கொண்டே காப்பியை ஆற்றிக் கொடுத்தார்.

"நல்லதுண்ணே. பொய் சொல்லாம வந்திருக்கீங்க."

திரவியம் முகம் மலர்ந்தது.

"அந்த அம்மாவுக்கு என்ன சொன்னீங்க?"

"கும்பிட்டேன்."

"அப்புறம்?"

"கிளம்பிட்டேன்."

வாசலில் திரவியத்தின் கார் உறுமிக்கொண்டிருந்தது. எங்கே போனாலும் வண்டியை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவைத்திருந்தார். கட்சியில் சேர்ந்த புதிதில் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய பழக்கம் அது. சீனியம்மாள் சற்று நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்தப் பிள்ளைக்கு ஊசியை எடுத்ததும் நான் என்ன செஞ்சேன், பார்த்தீங்களா?"

திரவியம் யோசித்தார். சிஸ்டர் பஞ்சு வைத்து அமுக்கினார். அந்தப் பிள்ளை விசும்பி ஓய்ந்து, போதும் என்று தானே கையை விலக்கும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. மரத்திலிருந்தவன் கேட்டதற்கும் உட்கார்ந்தபடியேதான் பதில் சொன்னார்.

திரவியம் காப்பியைக் கீழே வைத்தார்.

"இப்பத் திரும்பிப் போனா ஏசுவாங்க, சிஸ்டர்."

"ஏசுவாங்க."

"என்கிட்ட கொடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே. போய் என்ன சொல்றது?"

சீனியம்மாள் எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே. போனதும் வண்டியை மட்டும் அணைச்சிருங்க."